வெள்ளமும் நில உரிமையும்: மீளக் கட்டுதல், இடம்பெயர்தல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு (1964–2024)

ஆய்வுச் சுருக்கம்

மீண்டும் மீண்டும் வெள்ளத்திற்கு உள்ளாகும் மக்கள் அதே இடத்தில் வீட்டைக் கட்டிக்கொள்வதா, வேறிடம் பெயர்வதா என்னும் முடிவை எவ்வாறு எட்டுகின்றனர் என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. தனுஷ்கோடி, சென்னை அடையாற்றங்கரை, கொள்ளிடப் படுகை ஊர்கள் ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டு, அவற்றின் துணையுடன் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அண்மை நிலை நோக்கப்படுகிறது. வெள்ளத்தின் அளவைவிட நிலத்தின் மீதான உரிமையும் தொழிலிடத்தின் அண்மையுமே இம்முடிவைத் தீர்மானித்துள்ளன என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

முன்னுரை

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வலுவிழந்து உள்நாட்டிற்குள் நகர்ந்த அதன் விளைவாக, டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 503 மி.மீ. மழை பதிவாயிற்று. அவ்வட்டாரம் ஓராண்டில் பெறும் சராசரி மழையில் பாதிக்கும் மேற்பட்ட அளவு ஒரே நாளில் பெய்தது. ஏரி நிரம்பி வழிந்த நீர், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த பேருந்துகளையும் வேன்களையும் அடித்துச் சென்றது. தாழ்வான குடியிருப்புகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது.

கிருஷ்ணகிரி மாவட்டம் வெள்ளத்தைவிட வறட்சிக்கே அறியப்பட்டது. அதன் மேற்கெல்லையில் கர்நாடகத்தை ஒட்டியுள்ள ஜவளகிரி, தளி, ஓசூர் ஆகியவை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலப் பகுதிகள். தென்பெண்ணையாறு ஓசூர் வழியாகத் தமிழகத்திற்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளைக் கடந்து கிழக்கே இறங்குகிறது. இத்தகைய மாவட்டத்திலும் ‘இங்கேயே கட்டுவதா, போய்விடுவதா’ என்னும் கேள்வி எழுந்துள்ள நிலையில், அக்கேள்விக்குத் தமிழகம் இதுவரை அளித்துள்ள விடைகளைத் தொகுத்து நோக்குவது தேவையாகிறது.

1. மரபுச் செய்திகளில் இடப்பெயர்வு

நீரால் ஊர் அழிந்து மக்கள் பெயர்ந்த செய்தி தமிழ் மரபுக்குப் புதிதன்று. புகார் நகரைக் கடல்கொண்டதை மணிமேகலை கூறுகிறது. முதல் இரு சங்கங்கள் இருந்த நகரங்களைக் கடல்கொள்ள, மூன்றாம் சங்கம் இன்றைய மதுரையில் நிலைபெற்றது என்பது இறையனார் களவியல் உரை தரும் செய்தி. இவற்றை வரலாற்று நிகழ்வுகளாகக் கொள்வதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இம்மரபில் ஒரு பொதுத்தன்மையைக் காணமுடிகிறது. பெயர்வது தலைநகரும் அவையுமே. அந்நகரத்தின் உழவரும் மீனவரும் எங்குச் சென்றனர் என்பது பேசப்படுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் அரசு ஆவணங்களையும் இவ்வினாவுடன் அணுகுதல் பொருந்தும்.

2. தனுஷ்கோடி: பாலம் மீண்டது, ஊர் மீளவில்லை

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி, இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த துறைமுக ஊராக வளர்ந்தது. தொடர்வண்டியில் வந்தவர்கள் அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னாரை அடைந்தனர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயலும் அதனுடன் எழுந்த பேரலையும் இவ்வூரை அழித்தன. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் தொடர்வண்டி அதிலிருந்தோருடன் கடலுக்கு இரையாயிற்று.

இது ஒருமுறை நேர்ந்த பேரழிவே; அடிக்கடி வரும் வெள்ளத்தோடு முழுதும் ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும் எதை மீளக் கட்டுவது என்பதை யார் முடிவு செய்தனர் என்பதை இந்நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. சேதமுற்ற பாம்பன் பாலம் இரண்டு மாதங்களுக்குள், 46 நாட்களில், சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதையோ கைவிடப்பட்டது. கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. ஊர் வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தது.

அறிவிப்புக்குப் பின் நிகழ்ந்தவை மக்களின் தொழிலைப் பொறுத்து இருவகையாகப் பிரிந்தன. இரயில்வே ஊழியர், சுங்கப் பணியாளர், வணிகர் ஆகியோரின் வாழ்வு துறைமுகத்தைச் சார்ந்திருந்தது. துறைமுகம் பெயர்ந்ததும் அவர்கள் அங்கிருக்கக் காரணமில்லாமற் போயிற்று. மீனவர்க்கோ கடலே தொழிற்களம், அது பெயரவில்லை. எனவே அவர்கள் திரும்பி வந்து குடிசையமைத்து வாழ்ந்தனர். அரிச்சல்முனை வரையிலான தார்ச்சாலை 2017இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டு காலமும் அடிப்படை வசதிகள் மிகக் குறைந்த நிலையில் அம்மக்கள் அங்கேயே வாழ்ந்துள்ளனர். ‘வாழத் தகுதியற்றது’ என்னும் அறிவிப்பு அவர்களை அங்கிருந்து அகற்றவில்லை. அரசு அவர்களுக்குச் செய்யவேண்டியதைக் குறைத்தது என்றே கொள்ளலாம்.

3. அடையாறு: ஒரே வெள்ளம், இருவேறு முடிவுகள்

சென்னையின் அடையாறு 1943, 1976, 1985, 2005, 2015 ஆகிய ஆண்டுகளில் பெருவெள்ளம் கண்டது. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி அளவுக்கு நீர் திறக்கப்பட்டது. ஏரிக்குக் கீழேயுள்ள பகுதிகளில் பெய்த மழைநீரும் அதனுடன் சேர்ந்தது. அவ்வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எனப் பட்டா உள்ள குடியிருப்புகளும், சைதாப்பேட்டை முதலிய இடங்களில் ஆற்றங்கரைப் புறம்போக்கில் அமைந்த குடிசைகளும் ஒருங்கே மூழ்கின. நீர் இருசாராரையும் வேறுபடுத்தவில்லை. வெள்ளத்திற்குப் பிந்தைய முடிவுகள் வேறுபடுத்தின.

பட்டா உள்ளோர் பெரும்பாலும் அங்கேயே தங்கினர். வாய்ப்புள்ளோர் தரைத்தளத்தை உயர்த்திக் கட்டினர். சிலர் ஜாக்கிகளைக் கொண்டு வீட்டையே அடித்தளத்தோடு உயர்த்தினர். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் ஆற்றை அகலப்படுத்துதல், மூடு கால்வாய் அமைத்தல் போன்ற பணிகளை அரசு மேற்கொண்டது. அதாவது, அங்கு வீட்டிற்காக நீரின் வழி திருத்தப்பட்டது. கரையோரக் குடிசைகளில் வாழ்ந்த குடும்பங்களோ நகரின் தென்புறத்தில் உள்ள பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. அங்கு நீரின் வழிக்காக வீடு அகற்றப்பட்டது.

இவ்வேறுபாடு தொடக்கத்திலிருந்தே அரசின் கொள்கையாக இருந்ததன்று. தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970இல் தோற்றுவிக்கப்பட்டது. குடிசைப் பகுதிகள் மேம்பாடு, அகற்றல் குறித்த சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. அக்காலத்தில் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டித் தருவதே முதன்மை நோக்கமாக இருந்தது. 2000 அளவில் கண்ணகி நகரும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரியும், அதன்பின் பெரும்பாக்கமும் உருவானபோது, தொலைவிடங்களுக்கு மாற்றுதல் நடைமுறையாகிவிட்டது. ‘குடிசை மாற்று வாரியம்’ என்னும் பெயர் 2021இல் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என மாற்றப்பட்டது, தொலைவு மாறவில்லை. வீட்டு வேலை, கட்டட வேலை, சிறுவணிகம் ஆகியவற்றைச் சார்ந்தோருக்குப் பேருந்துப் பயணமே அன்றாடக் கூலியையும் நேரத்தையும் குறைக்கும் செலவாயிற்று. ஒதுக்கப்பட்ட வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டோ பழைய இடத்தருகே திரும்பியோரும் உண்டு. தனுஷ்கோடி மீனவரின் முடிவுக்கும் இதற்கும் காரணம் ஒன்றே.

மேலும், இடப்பெயர்வு வெள்ளத்திலிருந்து விடுதலை தரும் என்னும் எடுகோளும் ஆய்வுக்குரியது. பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய நீர்ப்போக்குப் பகுதிகள். அச்சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதனைச் சூழ்ந்த பகுதிகளில் வெள்ளம் தேங்கியது. ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டோர் சதுப்பு நிலத்தின் விளிம்பில் மீண்டும் நீரைச் சந்தித்தனர்.

நீர்நிலை ஆக்கிரமிப்பு ஏழைகளின் செயல் மட்டுமே என்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1920களில் மாம்பலம் ஏரி தூர்க்கப்பட்டே தியாகராய நகர் உருவானது. முகப்பேர், அம்பத்தூர் பகுதிகளில் வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புகள் ‘ஏரித் திட்டம்’ என்னும் பெயரிலேயே அமைந்தன. ஏரியில் கட்டிய வீடு சட்டத்திற்கு உட்பட்டதா, புறம்பானதா என்பதை நீரின் இயல்பு தீர்மானிக்கவில்லை, ஆவணமே தீர்மானித்தது.

4. கொள்ளிடப் படுகை: வெள்ளத்தோடு வாழ்தல்

மேற்கண்ட இரண்டிலிருந்தும் வேறுபட்டது மயிலாடுதுறை மாவட்டக் கொள்ளிடக் கரை. நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் முதலிய ஊர்களின் பெயர்களே அந்நிலத்தின் தன்மையை உணர்த்துகின்றன. படுகை, திட்டு ஆகியவை ஆறு படியவைத்த நிலங்கள். இவ்வூர்கள் கரைக்கும் ஆற்றுக்கும் இடையே அமைந்துள்ளன. மேட்டூர் அணை நிரம்பி, உபரிநீர் கொள்ளிடத்தில் பெருமளவில் திருப்பப்படும் ஆண்டுகளில் இவை நீரால் சூழப்படுகின்றன. 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் இந்நிலை ஏற்பட்டது.

இம்மக்கள் ஆடுமாடுகளோடு கரைக்கும் முகாமுக்கும் சென்று, நீர் வடிந்தபின் திரும்புகின்றனர். அவர்களை மீளச் செய்வது வண்டல் படிந்த விளைநிலமாகும். வெள்ளம் வீட்டிற்குக் கேடாகவும் நிலத்திற்கு உரமாகவும் அமைகிறது. ஆகவே இங்குத் தங்குவதா, பெயர்வதா என்னும் எதிர்நிலை பொருந்துவதில்லை. ஆண்டில் சில நாட்கள் பெயர்ந்து, எஞ்சிய நாட்கள் தங்கும் ஓர் இடைநிலையே நிலவுகிறது. இந்நிலைக்குத் தேவையானவை பாதுகாப்பான மேடு, கால்நடைக்கு இடம், உரிய நேரத்தில் எச்சரிக்கை ஆகியவை. நிரந்தர வீடு அல்லது நிரந்தர வெளியேற்றம் என்னும் இரண்டை மட்டுமே அறிந்த நிவாரணத் திட்டங்களில் இத்தகைய வாழ்முறைக்கு இடம் குறைவு.

5. கிருஷ்ணகிரி மாவட்டம்: எழும் வினாக்கள்

இம்மூன்று அனுபவங்களும் கிருஷ்ணகிரிக்கு எவ்வாறு பொருந்தும்? 2024 டிசம்பர் வெள்ளத்தை அடுத்து, சேதமடைந்த குடிசைகளுக்கு 10,000 ரூபாய் நிவாரணமும், கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் புதிய வீட்டிற்கு முன்னுரிமையும் அறிவிக்கப்பட்டன. அத்திட்டம் ஒரு வீட்டிற்கு 3.5 இலட்சம் ரூபாய் வழங்குகிறது. வீடு கட்ட நிலம் வேண்டும். நிலத்திற்குப் பட்டா வேண்டும். ஏரி உள்வாய், ஓடை, ஆற்றங்கரை ஆகியவை வருவாய்த்துறை வழக்கில் ‘ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு’ ஆகும். அங்கு வாழ்வோர்க்குப் பட்டா கிடைப்பதில்லை. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி அவர்கள் வெளியேற்றப்படவும் கூடும். ஆகவே வெள்ளத்தால் மிகுதியும் தாக்கப்படக்கூடியவரே மீளக் கட்டும் உதவியை எளிதில் பெறமுடியாதவராகவும் உள்ளனர்.

ஓசூர்ப் பகுதிக்கு இன்னொரு வினாவும் உண்டு. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் அந்நகரம் வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளரால் வளர்ந்தது. அவர்களுள் பலர் வாடகைக் குடியிருப்பினர். அவர்களுக்கு மீளக் கட்டும் உரிமையும் இல்லை. மறுகுடியமர்வுக்கான தகுதியும் இல்லை. நீர் புகுந்த வீட்டைக் காலி செய்வது மட்டுமே அவர்களுக்கு எஞ்சும் முடிவு. வீட்டு உரிமையாளரை அலகாகக் கொண்ட சேதக் கணக்கெடுப்பில் இவர்களின் இழப்பு முழுமையாக இடம்பெறுவது அரிது.

இம்மாவட்டத்தில் ஏரிப்பாசனம் சார்ந்து அமைந்த பழைய ஊர்களின் நத்தம் எங்கே இருந்தது, கலிங்கிலிருந்து உபரிநீர் எவ்வழியே சென்றது, பிற்காலக் குடியிருப்புகள் எப்போது அவ்வழியில் எழுந்தன என்பவற்றைப் புல அளவை வரைபடங்கள், ‘அ’ பதிவேடுகள் ஆகியவற்றின் துணையுடன் ஊர்தோறும் ஆராய இயலும். அவ்வாறு செய்தால், எந்தக் குடியிருப்பைக் காக்க நீர்வழியைச் சீரமைப்பது போதும், எது பெயர்ந்தே ஆகவேண்டும் என்பதைப் பட்டாவை மட்டும் நோக்காமல் நிலத்தை நோக்கி முடிவு செய்யலாம்.

முடிவுரை

தனுஷ்கோடியில் அரசு பெயரச் சொன்னது. கடலைச் சார்ந்தோர் தங்கினர். அடையாற்றில் பட்டா உள்ளோர் தங்கினர்; இல்லாதோர் பெயர்க்கப்பட்டு, தொழிலைத் தேடிப் பகுதியளவு திரும்பினர். கொள்ளிடத்தில் மக்கள் ஆண்டுதோறும் பெயரவும் மீளவும் ஆயத்தமாக வாழ்கின்றனர். இவற்றால், மீளக் கட்டுவோரை அறியாமை உடையோர் என்றோ, பெயர மறுப்போரைப் பிடிவாதக்காரர் என்றோ கருதுவது பொருந்தாது என்பது பெறப்படும். எங்கே பிழைப்பு உள்ளதோ, எங்கே உரிமை உள்ளதோ அதனைக் கணக்கிட்டே மக்கள் முடிவெடுத்துள்ளனர். வெள்ள ஆபத்துள்ள இடத்திலிருந்து ஒரு குடும்பத்தைப் பெயர்க்க வேண்டுமாயின், தொழிலுக்கு அண்மையில், நீர்வழி அல்லாத நிலத்தில், பட்டாவுடன் ஓரிடம் தரப்படவேண்டும். அம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் இடப்பெயர்வு நிலைப்பதில்லை என்பதைக் கடந்த 60 ஆண்டுத் தமிழக வரலாறு உணர்த்துகிறது.