நம்பிக்கை என்று பெயர் வைத்தால் போதுமா? வீடு கட்டுபவரை நம்பிய கதை

அய்யலூரில் வியாழக்கிழமை என்றால் ஆட்டுச்சந்தை. ஆடு வாங்க வருபவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவிப் பார்ப்பார், தூக்கி எடை பார்ப்பார். நாலு ஆட்டைப் பார்த்த பிறகுதான் ஒரு ஆட்டுக்கு விலை பேசுவார். சில ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு சோதனை! அதே மனிதர் வீடு கட்ட ஆரம்பிக்கும்போது, பல லட்சம் ரூபாயை "தெரிஞ்ச மேஸ்திரிதான், பார்த்துக்குவாரு" என்ற ஒரே வார்த்தையில் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்.

அவர் ஏமாளி என்பதால் அல்ல. ஆடு கண் முன்னால் நிற்கிறது. வீடு இன்னும் இல்லவே இல்லை. இல்லாத பொருளுக்குப் பணம் கொடுக்கிறார். கட்டி முடித்த பிறகாவது சோதித்துப் பார்க்கலாம் என்றால் அதுவும் முடியாது. கம்பி கான்கிரீட்டுக்குள் போய்விட்டது, அஸ்திவாரம் மண்ணுக்குள் போய்விட்டது, செங்கல் பூச்சுக்குள் போய்விட்டது. எதையெல்லாம் பார்க்க வேண்டுமோ அதையெல்லாம் மூடுவதுதான் கட்டட வேலையே!

அப்படியானால் வீடு கட்டுபவரை எப்படித்தான் நம்புவது? இந்தக் கேள்விக்கு வயது கிட்டத்தட்ட நாலாயிரம்.

பாபிலோனின் சதுர அடி ரேட்

கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்தில் வீடு கட்டுபவர்களுக்கென்று தனியாகச் சில விதிகள் இருக்கின்றன. முதல் விதி கூலியைப் பற்றியது. ஒரு 'சார்' பரப்புக்கு (ஏறத்தாழ 36 சதுர மீட்டர்) 2 ஷெக்கேல் வெள்ளி. இன்றைய 'சதுர அடிக்கு இவ்வளவு' என்ற கணக்கு அன்றைக்கே வந்துவிட்டது!

அடுத்தது தண்டனை. வீடு இடிந்து அதன் சொந்தக்காரர் இறந்தால் கட்டியவருக்கு மரணம். சொந்தக்காரரின் மகன் இறந்தால், கட்டியவரின் மகனுக்கு மரணம். பொருள் சேதமானால் அதை ஈடுகட்டி, வீட்டையும் தன் செலவில் திருப்பிக் கட்டித் தர வேண்டும். சுவர் சாய்ந்தால் தன் காசில் பலப்படுத்த வேண்டும்.

கேட்கும்போது "இப்படி இருந்தால்தான் சரிப்படும்" என்று தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இதெல்லாம் வீடு விழுந்த பிறகு நடப்பது. சுவர் எழும்பும்போது பக்கத்தில் நின்று பார்க்க அந்த விதிகளில் ஆள் கிடையாது. உயிர் போன பிறகு இன்னொரு உயிரை எடுப்பதால் இடிந்த வீட்டுக்குள் இருந்தவர் திரும்பி வரப்போவதில்லை.

உத்திரமேரூர் சொன்னது

நம் ஊர்ப் பக்கம் வருவோம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்டவை. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஓலை எடுத்து வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம், தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியம் என்று தனித்தனி வாரியங்கள்.

இது ஒரு பிராமண ஊரின் சபை. ஊரில் இருந்த எல்லோருக்கும் அதில் இடம் இருந்ததாக நினைக்க வேண்டாம். ஆனால் நம் விஷயத்துக்குத் தேவையான ஒரு விதி அதில் இருக்கிறது. ஏற்கெனவே வாரியத்தில் இருந்து, கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. உறவுமுறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அடைத்திருக்கிறார்கள்.

உறவினர்கள் எதற்கு? பழைய பெயர் கெட்டுப்போனதும் தம்பி பெயரிலோ மச்சான் பெயரிலோ புதுப் போர்டு மாட்டும் காண்டிராக்டர்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே அந்த வாசலை அடைத்து வைத்திருக்கிறார்கள்! பாபிலோன் தப்பு செய்தவனைப் பிறகு தண்டித்தது. உத்திரமேரூர், பொறுப்பைக் கையில் கொடுப்பதற்கு முன்பே பழைய கணக்கைக் கேட்டது.

ஒரு சின்ன அளவுப் புத்தகம்

அடுத்த பெரிய மாற்றம் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவான பொதுப்பணித்துறை டெண்டர், வைப்புத்தொகை, 'மெஷர்மென்ட் புக்' எனப்படும் அளவுப் புத்தகம் ஆகியவற்றைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. காண்டிராக்டர் சொல்வதை நம்பிப் பணம் தருவதில்லை. முடிந்த வேலையை இடத்துக்கே போய் அளந்து புத்தகத்தில் எழுத வேண்டும். மேலதிகாரி அதில் ஒரு பகுதியை மறுபடி அளந்து சரிபார்க்க வேண்டும். அதன்பேரில்தான் பில். பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, வேலையில் குறை இல்லை என்று தெரிந்த பிறகே தருவார்கள்.

இந்த முறைக்குள் வேலை செய்து பெயர் வாங்கிய தமிழ்நாட்டுக் காண்டிராக்டர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார் (1856–1925). சென்னையில் பார்த்துப் பார்த்து வியக்கும் சிவப்புக் கட்டடங்களில் பல அவர் எடுத்துச் செய்தவை. உயர்நீதிமன்றம் அவற்றில் முக்கியமானது. 1888ல் ஆரம்பித்து 1892ல் திறந்தார்கள். போட்ட மதிப்பீடு சுமார் 9.45 லட்சம் ரூபாய், முடிந்தபோது செலவு சுமார் 13 லட்சம்.

"பார்த்தீர்களா, அங்கேயும் எகிறிவிட்டது" என்று சொல்லத் தோன்றும். ஆனால் செலவு கூடுவது வேறு, ஏமாற்றுவது வேறு. செலவு ஏன் கூடியது என்று எழுதி வைத்த கணக்கு இருந்தால் அது கூடுதல் செலவு. கணக்கே இல்லாமல் கூடினால்தான் அது சந்தேகம். நூற்றுமுப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கட்டடத்தில் நீதிமன்றம் நடந்துகொண்டிருக்கிறது.

அளவுப் புத்தகம் வந்ததால் ஊழல் ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அளப்பவரும் காண்டிராக்டரும் கைகோத்துக்கொண்டால் புத்தகமும் பொய் சொல்லும். ஆனாலும் 'ஆளை நம்பாதே, அளந்து பார்' என்ற பாடம் அங்கே கிடைத்தது.

சரக்கா, சேவையா?

அரசாங்கத்திடம் எஞ்சினியர் இருந்தார், புத்தகம் இருந்தது. சாதாரணக் குடும்பத்துக்கு என்ன இருந்தது? 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் இருந்தது. ஒப்பந்தத்தை மீறினால் 73ஆம் பிரிவின்படி நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் அதற்கு சிவில் கோர்ட் படி ஏற வேண்டும், வருடக்கணக்கில் அலைய வேண்டும்.

1930ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டம் உதவுமா? வணிகவியல் படிப்பவர்கள் 'வாங்குபவரே எச்சரிக்கை' என்ற தத்துவத்தையும் அதன் விதிவிலக்குகளையும் அதில்தான் படிக்கிறார்கள். ஆனால் 1958ல் சென்னை மாநிலத்துக்கும் கேனன் டங்கர்லி கம்பெனிக்கும் நடந்த விற்பனை வரி வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. கட்டடம் கட்டித் தருவது பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தம். அதில் போடும் செங்கலும் சிமெண்டும் தனியாக 'விற்பனை' ஆகாது. (1982ல் அரசியல் சட்டத்தின் 46ஆம் திருத்தம் வந்த பிறகே மாநிலங்கள் அதற்கு வரி போட முடிந்தது.) ஆக, வீடு கட்டக் கொடுப்பவர் சரக்கு வாங்குபவர் அல்ல.

சரக்கு இல்லை என்றால் சேவையா? 1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் இதில் குழப்பம். 1993ல் சட்டத் திருத்தம் 'வீடு கட்டுதல்' என்ற சொல்லைச் சேவையின் விளக்கத்தில் சேர்த்தது. அதே வருடம் நவம்பரில், லக்னோ வளர்ச்சி ஆணையத்துக்கும் எம்.கே. குப்தாவுக்கும் நடந்த வழக்கில், வீடு கட்டித் தருவது சேவைதான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் மன்றத்தில் கேட்கலாம் என்று உச்சநீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. சாதாரண மனிதருக்கு எளிதாகப் போகக்கூடிய ஒரு வாசல் திறந்தது அப்போதுதான்.

மௌலிவாக்கம்

2014 ஜூன் 28. சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நேரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள், 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாடு என்று பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அந்தத் திட்டத்தின் பெயர் 'ட்ரஸ்ட் ஹைட்ஸ்'. இடிந்த கட்டடத்தின் பெயர் 'பிலீஃப்', பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தின் பெயர் 'ஃபெய்த்'. மூன்றுமே நம்பிக்கைதான்! நின்றிருந்த அந்த இரண்டாவது கட்டடத்தையும் 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

2016ல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ('ரெரா') வந்தது. வாங்குபவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவு செய்ய வேண்டும். எழுத்து ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. வீட்டை ஒப்படைத்த 5 வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத இடத்தில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாமல் கட்டினால் ரெரா பதிவு தேவையில்லை. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்து ஒரே ஒரு வீடு கட்டும் அய்யலூர்க் குடும்பத்துக்கு அது வராது. அங்கே பிடித்து வைக்கவும் அளந்து பார்க்கவும் அந்தக் குடும்பம் மட்டும்தான்.

அப்படியானால் என்ன செய்வது?

மேலே பார்த்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

1. உத்திரமேரூர் மாதிரி, பழைய கணக்கைக் கேளுங்கள். அவர் ஐந்து வருடத்துக்கு முன் கட்டிய வீட்டுக்குப் போய், மழையில் ஒழுகுகிறதா, பேசிய காசில் முடித்தாரா என்று வீட்டுக்காரரிடமே விசாரியுங்கள். புதுசாகப் பூச்சு பூசிய வீடு எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

2. பொதுப்பணித்துறை மாதிரி, வேலை முடிந்த பிறகு பணம். அஸ்திவாரம், பேஸ்மென்ட், லிண்டல், கூரை கான்கிரீட், பூச்சு என்று பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்ததும் கொடுங்கள். கடைசியில் ஒரு சிறு பங்கை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். இதை ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டும். பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.

3. மூடுவதற்கு முன் பாருங்கள். கான்கிரீட் போடும் முன்பு கம்பியின் கனத்தையும் இடைவெளியையும் ஒரு எஞ்சினியரை வைத்துப் பார்த்து, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. எழுதுங்கள். என்ன சிமெண்ட், என்ன கம்பி, சதுர அடிக்கு என்ன ரேட், எப்போது முடியும் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தால்தான் திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்தில் பேச முடியும். அதுவும் குறை தெரிந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இன்னொன்று. ஏமாற்றுவது காண்டிராக்டர் மட்டும்தான் என்று நினைப்பதும் நியாயமில்லை. வேலை முடிந்ததும் கடைசித் தவணையைக் கொடுக்காமல் மேஸ்திரியை அலையவிடும் வீட்டுக்காரர்களும் உண்டு. கொத்தனார், சித்தாள் கூலியை அவர் தன் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். எழுதி அளந்த கணக்கு அவரையும் காப்பாற்றும். நாணயமான மேஸ்திரி அதற்குக் கோபப்படமாட்டார். "என்னை நம்பலையா?" என்று கோபப்படுபவரிடம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம்பிக்கை வேண்டாம் என்று எந்தக் காலமும் சொல்லவில்லை. யாரையும் நம்பாமல் ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது. ஆனால் அந்த நம்பிக்கை நிற்பதற்கும் ஒரு அஸ்திவாரம் வேண்டும். கடையில் வாங்கும் ஒரு கோடு போட்ட நோட்டும், அதில் இரண்டு கையெழுத்தும் போதும்.