நீலி தொடுத்த வழக்கு: திருவாலங்காட்டுப் பேய்க்கதையில் சாட்சியும் தீர்ப்பும்

பேய் உலவும் இடங்களைப் பற்றி எழுதுவோர் அச்சத்திலிருந்தே தொடங்குவது வழக்கம். பாழ்வீடு, ஒற்றைப் புளியமரம், சுடுகாடு. அங்கே ஓர் அகாலச் சாவு. அதன்பின் இருட்டில் கேட்கும் குரல். திருவள்ளூர் மாவட்டத்தின் புகழ்பெற்ற பேய்க்கதையான பழையனூர் நீலி கதையை இந்த வரிசையில் நிறுத்தினால் அதில் பாதி நழுவிவிடும். நீலி இருட்டில் மறித்து அடித்த பேய் அல்லள். கைக்குழந்தையோடு ஊர்ச்சபை ஏறி, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று வழக்குத் தொடுத்தாள், வென்றும் காட்டினாள். கதையின் திகில் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையில் இருக்கிறது திருவாலங்காடு. ஆலமரக் காடும் சுடுகாடுமாகப் பதிகங்களில் வருணிக்கப்பட்ட ஊர். இறைவன் காளியோடு போட்டியிட்டு ஊர்த்துவ தாண்டவம் ஆடிய இரத்தின சபை இங்கே உள்ளது. அதை ஒட்டிய சிற்றூர் பழையனூர். முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் இவ்வூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த செய்தியை, 1905இல் கிடைத்த 31 ஏடுகள் கொண்ட திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. சோழர் வரலாற்றுக்காக இச்செப்பேட்டைப் புரட்டியவர்கள் பலர். கொடைக்குரிய ஊர் நீலியின் ஊர் என்பதில் தங்கி நின்றவர் குறைவு.

கதை பல வடிவங்களில் வழங்குகிறது. எலும்புக்கூடு இதுதான்: முற்பிறவியில் ஒருவன் தன் மனைவியை ஆலங்காட்டில் வைத்துக் கொல்கிறான். மறுபிறவியில் அவன் காஞ்சிபுரத்துச் செட்டி. அவள் நீலி என்னும் பேய். வணிகத்துக்காக வருகிறவனை அவள் பின்தொடர்கிறாள். அவனிடம் மந்திர வாள் இருப்பதால் நெருங்க முடியவில்லை. கள்ளிக்கொப்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபதுபேர் முன் முறையிடுகிறாள். இவள் பெண்ணல்லள், பேய் என்று செட்டி கதறுகிறான். இறக்கிவிட்ட குழந்தையோ ‘அப்பா’ என்று அவனிடம் ஓடுகிறது. அதற்குமேல் என்ன சான்று வேண்டும்? இருவரும் ஓரிரவு ஒரே வீட்டில் தங்கட்டும், வாளை எங்களிடம் கொடு, உனக்குத் தீங்கு வந்தால் எழுபதுபேரும் உயிர்விடுகிறோம் என்று வேளாளர் வாக்களிக்கிறார்கள். விடிந்தபோது செட்டி பிணமாகக் கிடக்கிறான். எழுபதுபேரும் தீப்பாய்கிறார்கள்.

இந்தக் கதையைக் காரைக்கால் அம்மையார் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அம்மையார் தம்மைப் பேய் என்றே முத்திரையிட்டுப் பாடியவர். ஆலங்காட்டில்தான் இறைவன் ஆடலைக் கண்டு தங்கினார். அவர் பாடல்களில் கணவனைப் பற்றிய பேச்சே இல்லை. அந்த வரலாற்றை நமக்கு விரித்துத் தருபவர் 12ஆம் நூற்றாண்டின் சேக்கிழார். அதன்படி, புனிதவதி என்ற பெயரில் வாழ்ந்த அம்மையாரின் கணவன் பரமதத்தனும் வணிகன். மனைவி நிகழ்த்திய மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிக் கப்பலேறிப் போய், பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொள்கிறான். சுற்றத்தார் புனிதவதியைப் பல்லக்கில் கொண்டுபோய் அவன்முன் இறக்கும்போது, இவர் மானிடர் அல்லர், தெய்வம் என்று சொல்லி மனைவியின் காலில் விழுகிறான்.

இரண்டிலும் காட்சி ஒன்றே. தன்னைவிட்டுப் பிரிந்த வணிகனோடு ஒரு பெண் சேர வேண்டுமா என்று பலர் கூடி நிற்கிறார்கள். இவள் மனிதப்பெண் அல்லள் என்று அவன் சொல்கிறான். இரண்டு கதைகளிலும் கணவன் சொல்வது உண்மை. ஓரிடத்தில் கூட்டம் நம்புகிறது. புனிதவதி தசையை உதறிப் பேய் வடிவம் பெற்று, அறுபத்துமூவரில் ஒருவராகிறார். மற்றோரிடத்தில் நம்பவில்லை, எழுபத்தொரு உயிர் போகிறது. எந்தக் கதை எதைப் பார்த்து அமைந்தது என்று நிறுவ நான் முனையவில்லை. ஒரே சுடுகாட்டோடு பிணைந்த இரண்டு பெண்பேய்களின் கதியும், கூடியிருந்தவர்கள் ஒரு கணவனின் சொல்லை ஏற்றார்களா என்ற ஒரே கேள்வியில் பிரிகிறது என்பது போதும்.

பழைய குறிப்புகள் இரண்டும் இதற்கு ஒளி தருகின்றன. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்தில் ஒருத்தி வஞ்சித்து உயிர்கொண்டதையும், அதைக் கேட்டுப் பழையனூர் அஞ்சுவதையும் சொல்கிறார். எழுபதுபேர் என்ற எண்ணும் தீயும் அங்கே இல்லை. சேக்கிழார் திருக்குறிப்புத்தொண்டர் புராணத்தில் தொண்டைநாட்டைப் புகழும்போது, வணிகனுக்குச் சொன்ன சொல்லைத் தம் உயிரோடு வைத்துத் தூக்கி, சொல்லையே காத்தவர்களாகப் பழையனூராரைப் போற்றுகிறார். அங்கே நீலி இல்லை. ஒரு பெண் என்ற குறிப்புகூட இல்லை. முன்னதில் பெண்ணும் அச்சமும். பின்னதில் வணிகனும் வாக்கும். குன்றத்தூர் வேளாளர் குடியில் பிறந்த சேக்கிழாருக்குத் தம் குலத்தின் பெருமை தெரிந்திருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தவறான தீர்ப்பு வழங்கிய சபை, வாக்குத் தவறாத சபையாக நினைவில் நிலைபெற்றது. தீப்பாய்ந்ததாகக் காட்டப்படும் இடத்தில் இன்றும் நினைவு மண்டபம் உண்டு. அத்தியாகத்துக்குச் சாட்சியாகச் சாட்சிபூதேசுவரரும் உண்டு. நீலிக்குப் பேச்சுவழக்கில் மிஞ்சியது பொய்க்கண்ணீர்.

அச்சமூட்டும் தோற்றம் மட்டுமே ஓரிடத்துக்கு இப்படிப்பட்ட கதையைத் தந்துவிடாது. இதே மாவட்டத்தின் கிழக்கோரம், பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளே நிற்கின்றன. பார்த்தால் யாருக்கும் சிலிர்க்கும். ஆனால் அங்கே புதைந்தவர்களுக்குப் பெயரும் ஆண்டும் பொறித்த கல் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பும் உண்டு. நீலி கதையைப்போல் வில்லிலும் ஏட்டிலும் பதிகத்திலும் பரவிய ஒரு கதை அந்த எலும்புக்கூடுகளிலிருந்து எழவில்லை. தீராத வழக்கு வேண்டும்.

நீலியின் வழக்கு தீரவில்லை என்பதைச் சமணர்கள் கண்டுகொண்டார்கள். ‘நீலகேசி’ காப்பியத்தில் பழையனூர் நீலி, முனிசந்திரர் என்னும் முனிவரை அச்சுறுத்த ஏவப்படுகிறாள். தோற்று, அவரிடமே அறம் கேட்டு, பிறகு பௌத்தர் முதலிய பல சமயத்தாரை வாதில் வெல்கிறாள். சபையில் பேசி வெல்லும் அவள் திறமையைத் தம் சமயத்துக்கு வேலைக்கு வைத்துக்கொண்டார் பெயர் தெரியாத அந்த ஆசிரியர். முதல் கொலையைப் பற்றிக் கேட்க அவருக்கு நேரமில்லை.

கேட்டவர்கள் தெற்கே இருந்தார்கள். குமரி, நெல்லைப் பகுதிகளில் கோயில் கொடைகளில் பாடப்படும் வில்லுப்பாட்டுகளில் நீலி இசக்கியோடு ஒன்றாகிறாள். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்கு இன்றும் கூட்டம் வருகிறது. அங்கே கதை கொலையிலிருந்து தொடங்குகிறது. கோயில் நடனப்பெண் ஒருத்தியை நகைக்காக அவள் காதலன் கொல்கிறான். சாகும்போது அக்கம்பக்கத்தில் மனிதர் இல்லாததால் அவள் கள்ளிச்செடியைச் சாட்சிக்கு அழைக்கிறாள். இந்த ஒரு விவரத்தை வைத்துப் பழையனூர்ச் சபையை மறுபடி பார்த்தால் வழக்கே மாறுகிறது. அவள் இடுப்பிலிருந்த குழந்தை வெறும் மாயமன்று. கொலையைக் கண்ட ஒரே சாட்சியைத்தான் அவள் சபைமுன் இறக்கிவிட்டாள். சபை கேட்டது இவன் கணவனா என்பதை. சாட்சி அறிந்தது இவன் கொலையாளி என்பதை. கேட்ட கேள்விக்குக் கள்ளி ‘அப்பா’ என்றது.