மாட்டாஸ்பத்திரிக்கு வந்த நாய்: புற்றும் உடைமையும் குறித்துச் சில குறிப்புகள்

களக்காட்டில் வாழைத்தார் ஏலக்கடைப் பக்கம் திரிகிற ஒரு செவலைப் பெட்டை நாய்க்குப் பின்புறத்தில் ரத்தம் சொட்டியது. பருவத்துக்கு வந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஒரு மாதமாகியும் நிற்கவில்லை. பூக்கோசு மாதிரி சதை வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. ஏலக்கடையில் இரண்டு யோசனை சொன்னார்கள். 'அடிச்சுக் கொன்னுருங்க, பிள்ளைக நடமாடுத இடம்.' இன்னொன்று, 'அது பாட்டுக்குக் கெடக்கட்டும், தானாச் செத்துரும்.' தார் சுமக்கிற ஒருவர் மட்டும், 'இதுக்கு வைத்தியம் உண்டுமா அண்ணாச்சி?' என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். 'மனுசனுக்குக் கேன்சர் வந்தாலே பஸ் மாறி மாறித் திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கு. நாய்க்கு என்னவே வைத்தியம்?'

இந்தச் சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் 'பிராணி நேசம்' பேச எனக்கு இஷ்டமில்லை. 1981இல் திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் தொடங்கிய பிறகு, நம் மாவட்டத்துக்காரர்கள் எத்தனை பேர் தாலியை அடகு வைத்து அங்கே போய்வந்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. ஆனால் மருத்துவம் மேலிருந்து கீழே வரிசையாகப் பரிமாறப்படுகிற ஒன்று, நாயின் முறை வரும்போது சட்டி காலியாகத்தான் இருக்கும் என்கிற அனுமானமும் அதற்குள் இருக்கிறது. இந்த வரிசையைப் போட்டது யார், எப்போது என்று கேட்டுப் பார்க்கலாம்.

அரசு கால்நடை மருந்தகத்தை நம் ஜனங்கள் 'மாட்டாஸ்பத்திரி' என்கிறார்கள். மிகச் சரியான பெயர். காலனிய அரசுக்குப் பட்டாளத்துக் குதிரை சாகக்கூடாது. வெக்கை நோயில் உழவுமாடு செத்தால் நிலவரி வராது. 1871இன் கால்நடைக் கொள்ளைநோய்க் கமிஷன் அறிக்கை, 1889இல் புனேயில் தொடங்கிப் பிறகு முக்தேசருக்குப் போன நுண்ணுயிர் ஆய்வகம், 1903இல் வந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி எல்லாமே இந்தக் கணக்கின் ஏடுகள்தான். நாய்க்கு அதில் பக்கம் கிடையாது. அரசின் பார்வைக்கு நாய் வெறிநோய் வழியாக வந்து சேர்ந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டபோது நோயாளி என்று கருதப்பட்டவன் கடிபட்ட மனிதன். நாய் அங்கே நோயின் வாகனம் மட்டுமே. விடுதலைக்குப் பிறகும் பெரிய மாற்றமில்லை. 1960இன் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், வதை எது என்று பட்டியல் போடுகிற அதே 11ஆம் பிரிவில், தெருநாய்களை அதற்கான அறைகளில் அடைத்துக் கொல்வதை வதையல்ல என்று விலக்கி வைத்தது. சென்னை மாநகராட்சி கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாற 1996 ஆயிற்று. நாடு முழுமைக்குமான கருத்தடை விதிகள் 2001இல் வந்தன. 2023இல் அவை திருத்தி எழுதப்பட்டன.

களக்காட்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேலே மலையில் சிங்கவால் குரங்குக்காக 1976இல் சரணாலயம். 1988இல் அதுவே முண்டந்துறையோடு சேர்ந்து புலிகள் காப்பகம். அடிவாரத்து நாய் அந்தக் காட்டுக்கும் வேண்டாதது, ஊருக்கும் வேண்டாதது. வாழைத்தோட்டத்தில் பன்றி இறங்குகிற ராத்திரி மட்டும் வேண்டும்.

நாய்களுக்குள்ளேயே வரிசை இல்லையா என்றால், இருக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்றால் 'சாதி நாய்'. ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலைகூட வந்தது. மற்றது வெறும் ஊர்நாய். அதற்குப் பெயர் வைக்க ஆங்கிலம் ஒரு தலித் சாதியின் பெயரையே எடுத்துக்கொண்டது. அகராதியிலும் விலங்கியல் எழுத்திலும் அந்தச் சொல் கூச்சமில்லாமல் புழங்கியது. பாளையங்கோட்டையில் பங்களா வீட்டு நாய்க்குக் கட்டி வந்தால் எக்ஸ்ரே, சதைப் பரிசோதனை, சென்னை வேப்பேரி என்று பேச்சு போகும். தீர்மானிக்கிற அவதி அங்கேயும் உண்மையானதுதான். பெரிய இனங்களுக்கு எலும்புப் புற்று வந்து காலை எடுத்தால், அதன்பின் பெரும்பாலும் நாலைந்து மாதம். மருந்தும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு வருஷம். நாய்க்கோ நாளைய கணக்குத் தெரியாது, இன்றைய வலிதான் தெரியும். 'வேண்டாம், வலியில்லாமல் போகட்டும்' என்று ஊசி போடச் சொல்கிற வீட்டுக்காரரைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே தீர்மானிக்க ஒரு ஆள் இருக்கிறார். ஊர்நாய்க்கு யார் இருக்கிறார்கள்?

செவலைக்கு வந்தது வேறு ஜாதிப் புற்று ('ஜாதி' என்ற சொல்லை இங்கே மன்னிக்கவும்). நாயிலிருந்து நாய்க்கு இணைசேர்க்கையில் தொற்றுகிற புற்று இது. கிருமி தொற்றுவதில்லை, புற்றணுவே உயிரோடு இடம்பெயர்கிறது. 1876இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி ஒரு நாயின் கட்டியை வெட்டி இன்னொரு நாயில் ஒட்டி வளர்த்துக் காட்டினார். கட்டியை உடல்விட்டு உடல் மாற்றி வளர்க்கிற சோதனை முறைக்கு, பின்னாளில் மனிதப் புற்றாய்வு முழுக்க நம்பியிருந்த முறைக்கு, இது ஒரு ஆரம்பம். அதாவது கேட்பாரற்ற நாயின் உடல் புற்று மருத்துவத்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டது, திரும்ப வாங்கவில்லை. 2006இல் மரபணுவைப் பார்த்தபோது, உலகத்து நாய்களில் காணும் இந்தக் கட்டிகள் அனைத்தும் எப்போதோ வாழ்ந்த ஒரே ஒரு நாயின் அணுக்களிலிருந்து கிளைத்தவை என்று தெரிந்தது. 43 நாடுகளின் 546 கட்டிகளை ஆராய்ந்த 2019இன் ஆய்வு, அந்த நாய் 4000 முதல் 8500 ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவில் இருந்திருக்கும் என்கிறது. ஏலக்கடைச் செவலை சுமந்துகொண்டிருந்தது அந்தப் பழைய நாயின் உடம்பில் ஒரு துண்டை.

இந்தப் புற்று மருந்துக்குப் பணியும். வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு ஊசியாக நாலு முதல் ஆறு வாரம் நரம்பில் ஏற்றினால் பத்தில் ஒன்பது நாய்க்குக் குணமாகிவிடுகிறது. நாய்ப் புற்றுகளில் இவ்வளவு கைவசப்படுகிற புற்று அபூர்வம். ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு ஏற்றுகிறார்களே, அதே மருந்து, அதே சின்னக் குப்பி. அது எடுக்கப்படுகிற செடி நித்தியகல்யாணி. இடுகாடுகளில் தானாகப் பூத்துக் கிடப்பதால் நம்மூரில் சுடுகாட்டுமல்லி என்கிறோம். மடகாஸ்கர் செடி. ஜமைக்காவில் சர்க்கரை வியாதிக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள் என்று கேட்டுக் கனடாவில் நோபிளும் பியரும் அதை ஆராயப்போக, சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணு இறங்கியது. 1958இல் அவர்கள் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். எலி லில்லி கம்பெனியின் வின்கிரிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டன் கணக்கில் காய்ந்த இலை போட்டால் கிராம் கணக்கில் மருந்து. திருநெல்வேலி, ராமநாதபுரச் சீமை மானாவாரிக் காடுகளில், ஆடு கடிக்காத பயிர் என்று இதை விதைத்து, இலையும் வேரும் மூட்டை மூட்டையாக ஏற்றுமதிக்குப் போயின. பறித்துக் காயப்போட்ட பெண்களுக்கு எந்த வியாதிக்குப் போகிறது என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

தார் சுமக்கிறவர் கடைசியில் நாயைக் கொண்டுபோனார். 2012இல் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியிராவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், திருநெல்வேலிக்குத் தார் ஏற்றிப்போகிற லோடு ஆட்டோவில் ஓரமாக. கட்டியில் கண்ணாடித் துண்டை ஒற்றி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தே என்ன புற்று என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வழி இருந்தது. கத்தி மட்டும் வைத்தால் திரும்ப வர வாய்ப்பு அதிகம். ஊசி போட்டால் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும், வெள்ளணு குறைந்தால் தள்ளிப்போட வேண்டும்; நரம்புக்கு வெளியே மருந்து சிந்தினால் சதை வெந்துவிடும்; ஊசி போட்ட பிறகு சில நாள் அதன் மூத்திரத்தைக் கையால் தொடக்கூடாது. மூன்றாவது, ஏலக்கடை முதலிலேயே சொன்னது. மருந்தைவிட அவரைத் தின்றது வேறு செலவு: வாரத்தில் ஒரு நாள் கூலி. பாக்கியை ஏலக்கடையிலேயே ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டார்கள், சிரித்தவர்களும்தான்.

பதிவுச் சீட்டில் 'உரிமையாளர்' என்று ஒரு கட்டம். 'என் நாயி இல்ல சார், கடை நாயி' என்றாராம். யாராவது பெயர் போட்டால்தான் ஆயிற்று, இவர் போட்டார். உடைமையின் வாசல் வழியாகத்தான் ஒரு உயிர் மருத்துவத்துக்குள் நுழைய முடிகிறது. அடிமைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்த வரலாறும் இதே வாசல் வழியாக வந்ததுதான். இந்த நாய்க்கோ, சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத ஒருவர் உடைமையாளர் ஆனார்.

மூன்றாவது ஊசியில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது, ரத்தமும் நின்றது. நாலாவதுக்குப் போனபோது வெள்ளணு குறைவு, அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் பெரிய வெட்டு, லோடு இருக்கிறது. 'முதலாளிகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லணும்' என்று சொல்லிவிட்டுத் தார் இறக்கப் போய்விட்டார்.