முனிவர் பிறந்த குன்றுச்சாரல்

வீரமாமுனிவர் இத்தாலி நாட்டில் காஸ்திக்கிளியோன் என்னும் ஊரில் பிறந்தார் என்று நாம் அனைவரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அவ்வூர் எத்தகையது, அங்கே மலை உண்டா, ஆறு உண்டா என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. மகளுடன் இத்தாலி செல்லும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியபோது, உரோமையும் வெனிசும் கண்டபின் எஞ்சிய இரண்டு நாட்களை அந்த ஊருக்கென ஒதுக்கினோம்.

மிலானிலிருந்து வெனிசு செல்லும் இருப்புப்பாதையில், கார்தா ஏரியின் தென்கரையில், தேசென்சானோ என்னும் நிலையம் உண்டு. அங்கிருந்து தெற்கே சென்றால், பனியாறு முன்னொரு காலத்தில் தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்லும் மண்ணும் சிறு சிறு குன்றுகளாக வளைந்து கிடப்பதைக் காணலாம். வடக்கே ஆல்ப்சு மலையின் முன்வரிசை. தெற்கே போ ஆற்றின் பெருஞ்சமவெளி. இடைப்பட்ட இச்சாரலில்தான் காஸ்திலியோனே இருக்கிறது. அவ்வூரார் பெயரை இவ்வாறே ஒலிக்கின்றனர். அதற்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் சோல்பெரினோ என்னும் சிற்றூர்.

முதலில் சோல்பெரினோ சென்றோம். இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் அளவில் வாழும் ஊர். நண்பகலில் சாளரக் கதவுகள் யாவும் சாத்தியிருந்தன. தெருவில் ஒரு பூனையைத் தவிர வேறு உயிரில்லை. குன்றின் உச்சியில் சதுரமான பழங்கோபுரம் ஒன்று நிற்கிறது. 'இத்தாலியின் ஒற்றன்' என்று அதற்குப் பெயர். ஏறிப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். சமவெளியில் நடமாடும் எதுவும் அதன் கண்ணுக்குத் தப்பாது.

இந்த அமைதியை நம்பிவிடலாகாது. 1859ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள், ஒருபுறம் பிரான்சும் சார்தீனிய அரசும், மறுபுறம் ஆஸ்திரியப் பேரரசும் இக்குன்றுகளின்மேல் மோதின. மூன்றாம் நெப்போலியன், இரண்டாம் விக்தோர் இம்மானுவேல், பிரான்சு யோசேப்பு ஆகிய மூன்று மன்னரும் களத்தில் இருந்தனர். முசுக்கட்டை மரங்களுக்கிடையே படர்ந்திருந்த திராட்சைக் கொடிகளே படைகளின் வழியை மறித்தனவாம். மாலையில் எழுந்த பெரும்புயல் மழை போரை நிறுத்தியது. இறந்தோர், புண்பட்டோர், காணாமற்போனோர் என இருதரப்பிலும் சேர்த்து 40,000 பேர் அளவில். ஊர்க்கோடியில் உள்ள புனித பேதுரு ஆலயத்தில் அவர்களுள் ஏறக்குறைய ஏழாயிரவரின் எலும்புகள் வைக்கப்பட்டுள்ளன. மண்டையோடுகள் பீடத்தின் பின்சுவரில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எந்த மன்னனுக்காகப் போரிட்டவை என்று பிரித்தறிய இயலாது. மகள் வெளியே போய் நின்றுகொண்டாள். நாங்களும் நெடுநேரம் நிற்கவில்லை.

புண்பட்டோர் காஸ்திலியோனேவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சிற்றூரில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர்! கோயில்களும் வீடுகளும் மருத்துவமனைகளாயின. மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர். அவ்வூர்ப் பெண்கள் நண்பர் பகைவர் என்று பாராமல், எல்லோரும் உடன்பிறந்தோரே என்று சொல்லி நீரும் துணியும் சுமந்தனர். நெப்போலியனிடம் தம் வாணிகம் பற்றி முறையிட வந்திருந்த சுவிட்சர்லாந்து நாட்டவர் ஹென்றி டூனாண்ட் இதைக் கண்டார். தாமும் அவர்களோடு இறங்கித் தொண்டு செய்தார். 1862இல் அவர் வெளியிட்ட நூலின் விளைவாக 1863இல் செஞ்சிலுவை இயக்கமும் 1864இல் முதல் ஜெனீவா ஒப்பந்தமும் தோன்றின. 1901இல் அமைதிக்கான முதல் நோபல் பரிசில் பாதி அவரைச் சேர்ந்தது. நீர் சுமந்த பெண்களுள் பெரும்பாலார் பெயரின்றியே மறைந்தனர்.

மறுநாள் காஸ்திலியோனே. இளவரசுப் பட்டத்தைத் துறந்து இயேசு சபை புகுந்து, 1591இல் உரோமையில் கொள்ளைநோயாளரைப் பேணி இருபத்து மூன்றாம் அகவையில் மறைந்த அலோசியசு கொன்சாகா பிறந்த ஊரும் இதுவே. ஊரின் பெருமை இன்றும் அவரைச் சுற்றியே இருக்கிறது. காப்பிக் கடையில் ஆங்கிலம் சிறிது அறிந்த முதியவரிடம், "பெஸ்கி பிறந்த வீடு எது, ஐயா?" என்று கேட்டோம். "எந்தப் பெஸ்கி?" என்றார் அவர். அந்தக் குடும்பப் பெயர் அப்பக்கத்தில் பலருக்கும் உண்டாம்.

எங்கள் பெஸ்கியைப் பற்றிச் சொன்னோம். 1680இல் இங்கே பிறந்தவர். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தவர். 1710இல் கோவா வந்திறங்கியவர். தேம்பாவணியும் சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் தந்து, 1747இல் சேரநாட்டு அம்பழக்காட்டில் உயிர்நீத்தவர். தேம்பாவணியில் சூதேய நாட்டைப் பாடப் புகுந்தவர் தமிழ்நாட்டு வயல்வளத்தையே அங்கே விரித்தார் என்றோம். முதியவர் பொறுமையாகக் கேட்டார். "திரும்பி வந்தாரா?" என்பதே அவர் கேட்ட ஒரே கேள்வி. இல்லை என்றோம். "அவருடைய தாய்?" என்றார். எங்களிடம் விடையில்லை. முப்பதாண்டுகளாகத் தில்லியில் வாழ்கிறோம். ஆண்டுதோறும் ஊருக்குப் போனது மாறி, இப்போது திருமணம், இழவு என்று அழைப்பு வந்தால்தான் போகிறோம். தமிழின் பொருட்டு அவருக்கு நன்றி சொல்லிப் பழகிய நாங்கள், அந்த வீட்டில் காத்திருந்தவர்களை அன்றுவரை நினைத்ததில்லை.

பேருந்துக்கு நேரமிருந்தது. 1959இல் அங்கே நிறுவப்பட்ட செஞ்சிலுவைக் காட்சிசாலைக்குள் நுழைந்தோம். பழைய அறுவைக் கருவிகளும் புண்பட்டோரை ஏற்றிய வண்டிகளும் கண்டபின், வருவோர் எழுதும் ஏட்டில் மகளை எழுதச் சொன்னோம். வீட்டில் கற்ற தமிழ் அவளுடையது, எழுதும்போது தயங்குவாள்.

முன்னாளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒற்றைக்கொம்பே பொது. புள்ளி வைத்தால் குறில், வையாவிடின் நெடில். ஓலையில் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று பலரும் இடாமல் விட, படிப்போர் மயங்கினர். நெடிலுக்கெனக் கொம்பை மேலே சுழித்துக் காட்டிய சீர்திருத்தம் முனிவருடையது.

"சோல்பெரினோவில் 'பெ' குறிலா நெடிலா, அப்பா?" என்றாள் மகள்.

"குறில்தான், அம்மா. ஒற்றைக்கொம்பு போடு."

முதலெழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் இரட்டைக்கொம்பைக் கேளாமலே இட்டுக்கொண்டாள்.