நடுச்சாமத்தில் கடலில் கட்டும் மேகம்

பத்து பெரண்டாம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தோர்க்குச் 'சுமத்ரா' என்பது தீவின் பெயர் மட்டுமன்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், விடியுமுன் மலாக்கா நீரிணையைக் கடந்து வந்து அறையும் காற்றுமழைக்கும் அதுவே பெயர். பெரட்டுக் களத்தில் நிற்போர் மேற்கு வானத்தையே பார்ப்பர். பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை. பல வேளைகளில் அன்றைய கூலியும் இல்லை. என் தந்தையார் அடிக்கடி கேட்பார்: "வெயில் காய்ந்தால்தானே மேகம் எழும்? நடுச்சாமத்தில் கடலிலே மழையைக் கட்டுவது யார்?"

இவ்வினாவுக்கு விடை காண்பது நெடுங்காலம் அரிதாயிருந்தது. பெருங்கடல் முகில்களைப் பற்றி அறிஞர் பெற்றிருந்தவை பெரும்பாலும் கப்பலோட்டிகளும் தீவு நிலையத்தாரும் விமானிகளும் குறித்துவைத்தவையே. ஆளில்லாத கடற்பரப்பின் முகில் எந்தக் குறிப்பேட்டிலும் ஏறவில்லை. 1960 ஏப்ரல் 1 இல் அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1 துணைக்கோள் முகில்களைத் தொலைக்காட்சிப் படங்களாக அனுப்பியது. 78 நாளே அது உழைத்தது. அதுவும் பகலில் மட்டும் காணும் கண்.

இரவுக்கு அகச்சிவப்புக் கதிர் துணையாயிற்று. உயர ஏறிய முகிலின் தலை குளிர்ந்திருக்கும். தாழ்ந்ததன் தலை அத்துணை குளிராது. பகற்படத்தில் வெண்மையாகவும் வெப்பப்படத்தில் மிகக் குளிர்ந்தும் தோன்றுவது இடிமழை தரும் கார்த்திரள். வெண்மையாயிருந்தும் குளிராதது தாழ்ந்த படைமுகில். குளிர்ந்திருந்தும் பகற்படத்தில் மங்கித் தோன்றுவது மழை தராத கீற்றுமுகில். வெப்பப்படத்தை மட்டும் பார்ப்போர் கீற்றுமுகிலைக் கார்த்திரள் என்று மயங்குவதுண்டு. மாணவர்முன் நானும் மயங்கியிருக்கிறேன்.

இத்துறையில் நம் நாட்டுக்கும் ஓர் இடமுண்டு என்பதைப் பலர் அறியார். 1978 டிசம்பர் முதல் 1979 மார்ச் தொடக்கம்வரை நடந்த 'மோனெக்ஸ்' எனும் பன்னாட்டுப் பருவக்காற்று ஆய்வின் குளிர்காலப் பகுதிக்குக் கோலாலம்பூரே மையம். 1977 இல் ஏவப்பட்ட ஜப்பானின் ஹிமாவரி, 140 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டின்மேல் நின்று பார்த்தது. சரவாக்கின் பிந்துலுவில் ராடார் நிறுவினர். தென்சீனக் கடலில் சோவியத் கப்பல்கள் காற்றை அளந்தன.

ஹௌஸ் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1981 இல் தம் முடிவை வெளியிட்டனர். போர்னியோவின் வடகரைக்கப்பால், நள்ளிரவையொட்டித் திரள்முகில்கள் முளைக்கின்றன. இரவிலே குளிர்ந்த நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று, எதிரே வரும் வடகிழக்குப் பருவக்காற்றை முட்டி, அதை மேலே எழுப்புகிறது. எழுந்த முகில்கள் காலைக்குள் ஒன்றுகூடிப் பெருங்கூட்டமாகின்றன. அக்கூட்டத்தில் இடிமழையோடு, பரந்த மேல்முகிலிலிருந்து சீராகப் பெய்யும் மழையும் கணிசமானது. பகல் ஏற ஏறக் கடல்மேல் அது கலைகிறது. பிற்பகலில் நிலத்தின்மேல் புதியன எழுகின்றன.

நம் நீரிணையில் பருவம் வேறு, காற்றின் திசையும் வேறு. ஆயினும் முறை இதை ஒத்தது. சுமத்ராவிலிருந்தும் தீபகற்பத்திலிருந்தும் இரவில் வீசும் நிலக்காற்றுகள் நடுவிலே எதிர்ப்படுகின்றன. அங்கு எழும் முகில்வரிசையை மேற்காற்று கிழக்கே, நம் கரைக்குத் தள்ளுகிறது. மேகத்தைக் கட்டியது வெயிலன்று, குளிர்ந்த கரையே.

இதை நான் படித்தறிந்தபோது, தந்தையார் உளியைக் கீழே வைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022 டிசம்பர் முதல் பணியாற்றும் ஹிமாவரி-9, பத்து நிமிடத்திற்கொரு முறை படம் அனுப்புகிறது. வகுப்பில் அப்படங்களைக் காட்டும்போது, விடியற்காலை நான்கு மணிப் படத்திலிருந்தே தொடங்குகிறேன்.