திண்டிவனத்தில் ஒரு இரவும் அக்காவின் நர்ஸ் படிப்பும்

நான் படிப்பது பி.காம். டெபிட், கிரெடிட் தவிர வேறு எதுவும் தெரியாதவன் வரலாறு எழுத வந்தால் சிரிக்கத்தான் செய்வீர்கள். பரவாயில்லை. இந்த வரலாற்றில் எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாண்டிச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆரோவில்லைத் தாண்டி வடக்கே வந்தால் மரக்காணம். அதற்குப் பக்கத்துக் கிராமம்தான் எங்களுடையது. அப்பா உப்பளத்தில் கூலி வேலை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவர் காலில் எப்போதும் வெடிப்பும் புண்ணும் இருக்கும். ராத்திரியில் அதைக் கழுவி மருந்து போட்டுத் துணி கட்டுவது அக்கா. அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு டிப்ளமோ நர்சிங் முடித்து, இப்போது வளைகுடா நாடு ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். என் காலேஜ் ஃபீஸ் முதல் பஸ் பாஸ் வரை அவள் அனுப்பும் பணம்தான்.

போன மாதம் லீவில் வந்திருந்தாள். அவளுடைய அறையில் உடன் தங்கியிருப்பவர் பிலிப்பைன்ஸ் நாட்டு நர்ஸ். அவரும் அக்காவைப் போலவே ஊரில் தம்பியைப் படிக்க வைக்கிறாராம். ஆனால் ஒரு வித்தியாசம். சம்பளம் வந்ததும் வீட்டுக்கு ஒரு பங்கு, தன் மேல்படிப்புக்கு ஒரு பங்கு என்று பிரித்து வைத்துவிடுவாராம். "எனக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கணும்னு ஆசை, ரெண்டே வருஷம்தான்" என்று அக்கா மெதுவாகச் சொன்னாள். அம்மா உடனே, "இருக்கற வேலையே போதாதாடி? நர்சுக்கு இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்டுவிட்டார். அப்பா எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஏனென்றால் அடுத்து நான் எம்.பி.ஏ. சேரலாம் என்று மனசுக்குள் திட்டம் போட்டிருந்தேன், அதுவும் அக்காவின் பணத்தில்.

நர்சுக்கு என்ன படிப்பு? அம்மா கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக் கொஞ்சம் புத்தகங்களைப் புரட்டினேன். அது என்னைக் கொண்டு போய் நிறுத்திய இடம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய திண்டிவனம்!

ஐடா ஸ்கடர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கியவர். அமெரிக்க மிஷனரி மருத்துவர் குடும்பத்தில் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்காவில் படித்துவிட்டு, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள 1890-ல் திண்டிவனம் வந்தார். அப்பா அங்கே மருத்துவர். மகளுக்கோ இந்தியாவில் தங்கும் எண்ணமே இல்லை. அம்மாவுக்குக் குணமானதும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார்.

அப்படி இருந்தபோதுதான் அந்த இரவு வந்தது. பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒருவர் வந்து கதவைத் தட்டினார். "அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. வந்தவர் ஒப்புக்கொள்ளவில்லை. பெண்ணின் பிரசவத்தை அந்நிய ஆண் பார்ப்பதா? ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. அதே இரவில் இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி வந்து, அதே காரணத்தால் திரும்பிப் போனார்கள். ஒருவர் முஸ்லிம், மற்ற இருவரும் உயர்சாதி இந்துக்கள் என்று சொல்லப்படுகிறது. மதமும் சாதியும் வேறு வேறு, பதில் மட்டும் ஒன்று. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அந்த மூன்று பெண்களின் பெயர் எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ முறை டீ குடித்திருக்கிறேன். இந்தக் கதை ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை.

ஐடா அமெரிக்கா போனார், ஆனால் மருத்துவம் படிக்க. 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட அந்தக் கல்லூரியின் முதல் அணியில் அவரும் ஒருவர். 1900-ல் வேலூர் வந்து ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

பலரும் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்தது. 40 படுக்கை போட்டாயிற்று, அவற்றில் படுத்திருப்பவர்களை ராத்திரி பகலாக யார் பார்ப்பது? ஆபரேஷன் முடிந்து டாக்டர் போய்விடுவார். காய்ச்சல் ஏறுகிறதா, ரத்தம் நிற்கிறதா, குழந்தை பால் குடிக்கிறதா என்று யார் கவனிப்பது? 1909-ல் டெலியா ஹௌட்டன் என்ற நர்ஸின் துணையோடு வேலூரில் நர்சிங் பள்ளி தொடங்கியது. டாக்டர்களை உருவாக்கும் மருத்துவப் பள்ளி அங்கே 1918-ல்தான் வந்தது. அதாவது வேலூரில் முதலில் வந்தது நர்ஸ் படிப்பு, பிறகுதான் டாக்டர் படிப்பு. ஐடாவின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஹௌட்டன் பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? நானே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

தமிழ்நாட்டில் நர்ஸ் பயிற்சி அதற்கு முன்பே இருந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் பெண்கள் வரத் தயங்கினார்கள். யார் யாருடைய உடம்பையோ தொட வேண்டும், ரத்தமும் மலமும் துடைக்க வேண்டும், ராத்திரி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். சாதியும் தீட்டும் பார்க்கிற ஊரில் இது கௌரவமான வேலையாகத் தெரியவில்லை. அப்படியும் துணிந்து வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்கள். ஊர் அவர்களிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டது, மரியாதையை மட்டும் தரவில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1946-ல் வந்த போர் குழு அறிக்கை, அன்றைய இந்தியாவில் சுமார் 6,000 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று சொன்னது. வகுத்துப் பாருங்கள், ஏழு டாக்டருக்கு ஒரு நர்ஸ்! இங்கிலாந்தில் அப்போது 300 பேருக்கு ஒரு நர்ஸ். நம்மிடம் அதிகம் பற்றாக்குறையாக இருந்தது டாக்டர் அல்ல, நர்ஸ்தான்.

அதே 1946-ல் வேலூரில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. டெல்லியிலும் அதே ஆண்டு. நர்ஸ் என்றால் டாக்டர் சொன்னதைச் செய்பவர் மட்டும் இல்லை, தானே படித்து யோசித்து முடிவெடுக்கத் தெரிந்தவர் என்று ஒரு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது அப்போதுதான். 1909-லிருந்து கணக்கிட்டால் 37 வருஷம். அடுத்த ஆண்டு, 1947-ல், இந்திய நர்சிங் கவுன்சில் சட்டமும் வந்தது.

அக்காவின் தோழியின் நாட்டையும் பார்த்தேன். பிலிப்பைன்ஸில் இலோயிலோ நகரில் மிஷனரிகள் நர்சிங் பள்ளி தொடங்கியது 1906-ல். அங்கே முதல் நர்ஸ்கள் படித்து வெளியே வந்தது 1909-ல், அதாவது வேலூர் பள்ளி தொடங்கிய அதே ஆண்டு. கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கிளம்பிய இரண்டு பஸ் மாதிரி. இன்று அங்கே நர்ஸ் ஆக வேண்டுமென்றால் நான்கு வருடப் பட்டப்படிப்புதான் வழி. நம் ஊரில் டிப்ளமோவும் உண்டு, பட்டமும் உண்டு. வசதி இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு டிப்ளமோ பெரிய வாசல், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வாசல் வழியாகத்தான் அக்காவும் போனாள். ஆனால் வாசலிலேயே நின்றுவிட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே. ஒரே வார்டு, ஒரே நைட் டியூட்டி. பட்டம் இருப்பவருக்கு ஒரு கிரேடு, அக்காவுக்கு அதற்குக் கீழே ஒரு கிரேடு.

திண்டிவனத்து இரவில் ஐடா ஸ்கடருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. அவரிடம் இல்லாதது படிப்பு. மூன்று கதவுகளிலும் அவரால் எதுவும் செய்ய முடியாமல் போனது அதனால்தான். "நல்ல மனசு இருந்தா போதும், நர்சுக்குப் படிப்பு எதுக்கு" என்பவர்களுக்கு அந்த இரவுதான் பதில்.

இதை அம்மாவிடம் என் பாஷையில் சொன்னேன். திண்டிவனத்தில் நடந்தது என்றதும் அம்மா வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டார். கடைசியில், "அந்த மூணு பொண்ணுங்களும் பாவம்டா" என்றார். படிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி அப்பாதான் தன் காலைப் பார்த்துக்கொண்டே, "அவ படிக்கட்டும்" என்றார்.

என் எம்.பி.ஏ.வைத் தள்ளி வைத்துவிட்டேன். டிகிரி முடித்ததும் ஏதாவது ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்துகொள்ளலாம். இது தியாகம் எல்லாம் இல்லை. கணக்குப் புத்தகத்தில் மூன்று வருடமாக என் பக்கம் பற்று மட்டுமே ஏறிக்கொண்டிருக்கிறது, கொஞ்சமாவது வரவு வைக்க வேண்டாமா? ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது "தேங்க்ஸ் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். வீட்டில் இருக்கும் சிஸ்டருக்கு அந்த ஒரு வார்த்தை போதாது. அவள் மேலே படிக்க வழி விட்டால்தான் அது நன்றி.

உங்கள் வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தால், மேலே என்ன படிக்க ஆசை என்று இன்றைக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.