திருத்தணி வட்டாரத்தில் சமூக இணைவும் விலக்கலும்

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய மலைக்கோயில் ஊர் திருத்தணி. முருகனின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவது. மொழி, சாதி, பழங்குடி அடையாளம், நிலம் ஆகியவை இங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அதனால் சமூக இணைவைப் பற்றிய எந்தக் கோட்பாட்டையும் உரசிப் பார்க்க ஏற்ற வட்டாரம் இது. எல்லை வரலாற்றை வரலாற்றாசிரியர்களும், காவடியை மானிடவியலாளர்களும், கடனைப் பொருளியலாளர்களும் தனித்தனியே எழுதும்போது, மூன்றும் ஒரே குடும்பத்தின் கதை என்பது மறைந்துபோகிறது.

எல்லை

வட ஆர்க்காட்டுப் பகுதியாக இருந்த திருத்தணி 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சேர்ந்தது. ம.பொ.சிவஞானத்தின் தமிழரசுக் கழகமும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தைத் தொடர்ந்து, எச்.வி.படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். கிராமமே அலகு, பெரும்பான்மை மொழியும் நிலத் தொடர்ச்சியும் அளவுகோல் என்பது அவர் வகுத்த முறை. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஈடாக, செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதிக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின.

எந்தக் கோட்டை எப்படிப் போட்டாலும் இரு பக்கமும் சிறுபான்மை மிஞ்சும். 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் வீட்டுமொழி தெலுங்கு. அப்போது அது யாருக்கும் வழக்காகவில்லை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக உயர்ந்து 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியதும், மொழிச் சிறுபான்மை மாணவர்கள் தேர்வில் விலக்கு கேட்டு நீதிமன்றம் ஏறினர்.

மலை

குறமகள் வள்ளியை முருகன் மணந்த தலம் இது என்பது புராணம். மண்ணில் நடந்தது வேறு. தமிழகக் கோயில்களில் தாழ்த்தப்பட்டோர் நுழைவை உரிமையாக்கிய சட்டம் 1947இல்தான் வந்தது. ஆடிக் கிருத்திகைக்கு இரு மாநிலத்திலிருந்தும் காவடிகள் வருகின்றன. டிசம்பர் 31 இரவு 365 படிகளுக்கும் பூசை நடக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப் போன கூட்டத்தை முருகனிடம் திருப்ப வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் என்பார்கள்.

யாத்திரையில் மேல் கீழ் கரைந்து தோழமை பிறக்கிறது என்றார் மானிடவியலாளர் விக்டர் டர்னர். பண்டரிபுரத்துக்கு நடந்தே போன ஐராவதி கார்வே 1962இல் எழுதியது அதற்கு எதிர்ச்சாட்சி: கூட்டங்கள் சாதிவாரியாகவே நடந்தன, சாப்பாடும் தனித்தனியே. படியேறும்போது இருக்கும் ஒற்றுமை ஊர் திரும்பிய பிறகு குடிநீர்க் குழாயடியில் இருக்கிறதா என்று பார்ப்பதே நியாயமான சோதனை. திருவிழாவை மட்டும் பார்த்து எழுதிய ஆய்வுகளை நான் பாதிதான் நம்புவேன்.

கோட்டாட்சியர் அலுவலகம்

வட்டாரத்தில் மிகவும் விளிம்பில் இருப்பவர்கள் இருளர். ஏரிக்கரைப் புறம்போக்கில் பட்டா இல்லாத குடிசை, செங்கல் சூளையிலோ மரம் வெட்டும் இடத்திலோ வேலை. வாங்கிய முன்பணம் கழியும்வரை குடும்பத்தோடு அங்கேயே இருக்க வேண்டும். கணக்கு நோட்டு முதலாளியிடம். இவர்களை வெறுமனே விலக்கப்பட்டவர்கள் என்பது பொருந்தாது. பாதகமான நிபந்தனையில் சேர்த்துக்கொள்ளப்படுவதும் தனியொரு கேடு என்று 2000இல் அமர்த்தியா சென் பிரித்துக் காட்டியது, சூளைக்காரர் கணக்குக்கு அப்படியே பொருந்தும்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்று தருபவர் கோட்டாட்சியர். 2016இல் திருத்திய மத்தியத் திட்டம் வயது வந்த ஆணுக்கு 1 லட்சம் ரூபாய் மறுவாழ்வுத் தொகை அறிவித்தது. ஆனால் முழுத் தொகையை முதலாளி தண்டனை பெறுவதோடு முடிச்சுப் போட்டுவிட்டது.

பழங்குடிச் சான்று தருபவரும் அதே கோட்டாட்சியர்தான். பிள்ளைக்குச் சான்று கேட்டால் அப்பாவின் சான்று எங்கே என்பார்கள். அப்பா பள்ளிக்கூடமே போனதில்லை. சான்றின் உண்மையைச் சோதிக்க உச்ச நீதிமன்றம் 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் வகுத்த முறையில் தெய்வம், சடங்கு, திருமணம், இறப்புச் சடங்கு எல்லாம் விசாரணைப் பொருள்கள். போலிகளைத் தடுக்க வந்த ஏற்பாடுதான். ஆனாலும் மானிடவியல் இங்கே ஆய்வு என்ற நிலையைத் தாண்டி அரசின் சல்லடையாகிவிட்டது.

ஆய்வு மரபு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களை அனுப்பிக் கிராமங்களை ஆய்ந்தார். அவற்றுள் காஞ்சிபுரம் அருகிலுள்ள தூசி, பின்னர் 1930களிலும் 1980களிலும் மறு ஆய்வுக்கு உட்பட்டது. 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இம்மரபைத் தொடர்ந்தது. ஒரே ஊருக்குத் தலைமுறை தாண்டித் திரும்பிப் போகும் இம்முறைதான் எல்லை ஊர்களுக்கும் தேவை.

அப்படிப் போய்ப் பார்க்க வேண்டிய சிக்கல்களுள் ஒன்று சான்று. எல்லைக்கு அப்பால் இருளரைப் போலவே வாழும் யானாதிகள் ஆந்திரப் பட்டியலில் பழங்குடியினர். தமிழ்நாட்டுப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. அரசமைப்பின் 342ஆம் பிரிவுப்படி பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. இடம்பெயர்ந்தவர் பழைய மாநிலத்தின் தகுதியைப் புதிய மாநிலத்தில் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆந்திர நகரிப் பக்கமிருந்து சூளை வேலைக்கு வந்து திருத்தணிப் பக்கம் தங்கிவிடும் யானாதிக் குடும்பத்துக்குக் கோட்டாட்சியர் நினைத்தாலும் பழங்குடிச் சான்றைத் தர முடியாது.